அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்

ஏழு நாற்பது வண்டியில் ஜன்னலோரம் கிடைப்பது கனகவல்லிக்கு மாதத்தில் இரண்டு நாள் வாய்த்தால் பெரிது. இன்று வாய்த்தது, வாய்த்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. திருவள்ளூரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து மடியில் போன், போனில் ஒரு மூட்டை தூக்கும் ஆள். கோயம்பேடு மார்க்கெட், கூரைச் சந்து வழியாகச் சாய்ந்து விழும் காலை வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் நேராக நடந்து வருகிற ஒருவர், முதுகில் கோஸ் மூட்டை, நெற்றி நரம்பு புடைத்து, தோள்பட்டை வியர்வையில் பளபளத்து, வாய் திறந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை. கீழே தலைப்பு: உழைப்பின் முனகல். அதற்கும் கீழே, சுந்தரேசன். நேற்று மாலை ஆறு மணிக்குப் போட்ட படம், இப்போது தொள்ளாயிரத்துச் சொச்சம் விருப்பம், இருநூற்றுப் பதினாலு கருத்து, அந்த இருநூற்றுப் பதினாலில் இருநூறு சூப்பர் சார், அருமை சார், தெய்வமே, என்ன ஒரு ஒளி. அவள் அந்தத் தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நல்ல ஒளிதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இந்த ஒளிக்காக அவர் நங்கநல்லூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பார், அறுபத்தேழு வயது, முட்டிவலி வேறு, போய் நின்று எடுத்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். ஆனால் நேற்றிலிருந்து இந்தப் படம் அவளைக் கொஞ்சம் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. எங்கே என்று விரல் வைக்கத் தெரியாத தொந்தரவு. அப்படித் தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. பதினோரு வருஷமாக ஏற்றுமதிச் சட்டையில் தையல் பார்க்கிற கண், ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி, காலர், கை, பட்டன், ஓரம், எங்கே தையல் விட்டதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர். அந்தக் கண் இதுவரை தன்னை ஏமாற்றியதில்லை என்பதில் கனகவல்லிக்குச் சந்தேகமே கிடையாது. இங்கே ஏதோ ஒன்று விட்டிருக்கிறது. இருக்கிறது, பார்த்துவிடலாம்.

புட்லூர் தாண்டியது. வெளிச்சக் கூட்டம் என்ற அந்த முகநூல் குழுவை ஆரம்பித்தவரே சுந்தரேசன்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாற்பது பேரோடு. இப்போது ஆறாயிரம் பேர். போனில் எடுப்பவர்கள், கல்யாணத்துக்கு வாங்கின கேமராவைத் தூசி தட்டி எடுப்பவர்கள், துபாயில் லீவு நாளில் மணலைப் படம் பிடிப்பவர்கள், ஒருத்தருக்கும் இது பிழைப்பு இல்லை, எல்லாருக்கும் ஆசை. கனகவல்லியும் ஞாயிற்றுக்கிழமை பூண்டி ஏரிக்கரையில் நாரை எடுத்துக்கொண்டிருந்தவள்தான், அவரே ஒருநாள் கூப்பிட்டு, நீங்களும் அட்மினா இருங்கம்மா, உங்களுக்குப் பார்க்கத் தெரியுது என்றார். பார்க்கத் தெரியுது. அந்த வார்த்தையை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சாதாரணமாகிவிடும் என்று உள்ளேயே வைத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு இந்தச் சூப்பர் உறுத்த ஆரம்பித்தது. யார் எதைப் போட்டாலும் சூப்பர். கோணலாக விழுந்த அடிவானத்துக்குச் சூப்பர், தலை வெட்டுப்பட்ட குழந்தைக்குச் சூப்பர், உண்மையாகவே நன்றாயிருந்ததற்கும் அதே சூப்பர், அப்புறம் நன்றாயிருந்தது என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள்தான் அடம் பிடித்து வியாழக்கிழமையை வாங்கினாள். நின்று பார்க்கும் வியாழன். அன்றைக்கென்று தனியாகப் போடுகிற படங்களுக்குக் கீழே சூப்பர் கிடையாது, கைதட்டுகிற பொம்மை கிடையாது, பார்க்கிறவர் தன் கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கியது என்று எழுத வேண்டும், முடிந்தால் எடுத்தவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதல் வாரம் மொத்தமே பதினோரு கருத்து. சந்தோஷமா ஒரு லைக் போட்டுட்டுப் போறதுக்கு இங்க பரீட்சையா நடத்தறீங்க என்று ஒருவர் எழுதிவிட்டு வெளியேறினார். அவள் அசரவில்லை. பதினொன்று இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று, போன மாதம் ஓசூரில் ஒருவர் எடுத்த நாய்க்குட்டிப் படத்துக்குக் கீழே எண்பது பேர் நிழலைப் பற்றி மட்டும் பேசினார்கள், அன்று முழுக்கச் சட்டைகளின் மேல் அவள் ஸ்டிக்கர் ஒட்டியது ஏதோ பாட்டுப் பாடியபடி ஒட்டியது போல இருந்தது. இப்போது முதல்முறையாகச் சுந்தரேசனே இன்றைய வியாழனுக்குப் படம் போட்டிருக்கிறார். தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதியும் இருக்கிறார். ஆறாயிரம் பேரும் அவரிடம் மட்டும் தயங்குகிறார்கள், தயக்கத்தைச் சூப்பர் என்று எழுதுகிறார்கள். அவருக்கு இந்த விதி இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அடுத்த வாரம் நாய்க்குட்டிக்கும் சூப்பர்தான். அவ்வளவுதான் முடிந்தது வியாழன்.

இதில் ஒரே ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கியாவது கேட்டுவிட்டாள். ஷகிலா பானு, ஆம்பூர், குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முகப்புப் படத்தில் அவள் முகமில்லை, தண்ணீர் டம்ளரில் ஒரு ரோஜா இருக்கிறது. இன்று காலை ஆறு ஐந்துக்கு எழுதியிருந்தாள். எனக்கு போட்டோகிராபி பற்றி ஒன்றும் தெரியாது சார், தப்பாக இருந்தால் மன்னிக்கவும், படத்தில் அவர் வாய் திறந்திருக்கிறது, அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? இவ்வளவுதான். இதைப் படித்த கணத்தில் கனகவல்லிக்குத் தன் விரல் தானாகப் போய் அந்த வாயின் மேல் நின்றதுபோல் ஆயிற்று. நேற்றிலிருந்து தேடிய இடம் அது. ஆனால் ஷகிலாவின் கேள்விக்குக் கீழே கிருபாகரன் வந்து நின்றுவிட்டார். ஈரோடு, முழங்கை நீள லென்ஸ், குழுவில் பெரிய பெயர், சுந்தரேசன் சார் என்றால் உயிர். முதலில் நீங்கள் எடுத்த ஒரு படத்தைப் போடுங்கள் மேடம், பிறகு சாரைக் கேள்வி கேட்கலாம். அதற்கு அறுபத்திரண்டு சிரிப்பு. அதற்குக் கீழே, முனகலுக்கு என்ன சப்டைட்டிலா வேண்டும் என்று இன்னொருவர். அதற்கு ஒரு முப்பது. ஷகிலாவிடமிருந்து சத்தமில்லை. படித்திருப்பாள், கட்டாயம் படித்திருப்பாள், படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருப்பாள், அடுப்படிக்குப் போயிருப்பாள், திரும்பி வந்து எடுத்துப் பார்த்து மறுபடி கவிழ்த்திருப்பாள். கனகவல்லிக்கு அந்தக் கவிழ்ப்பு தெரியும். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன். இன்னும் அரை மணி. பட்டரவாக்கத்தில் இறங்கி எட்டு நிமிஷம் நடந்தால் கம்பெனி கேட், கேட்டில் போனைக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கையில் வரும். அதற்குள் சிரிப்பு முன்னூறு ஆகும், அந்த ரோஜா டம்ளர் குழுவை விட்டுப் போயிருக்கும், போனவர்கள் திரும்ப வருவதில்லை.

எஸ்தர் ராணி திரும்ப வரவில்லை. வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம் என்று கனகவல்லி நினைத்தாள், நினைத்ததிலேயே அது வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மணப்பாறையிலிருந்து ஒரு பெண் போட்ட படம், கல்யாண மண்டபத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, வெறும் நாற்காலி, சுற்றிலும் ஆட்களின் முதுகு. அப்போது குழுவில் கறாராகப் பேசுவதுதான் பெருமை என்று ஒரு காற்று அடித்துக்கொண்டிருந்தது, கனகவல்லிக்கும் அந்தக் காற்று பிடித்திருந்தது, அவள் எழுதினாள், இதை ஏன் எடுத்தீர்கள்? மூன்றே வார்த்தை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று பிறகு பலமுறை தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள், ஆனால் அது முழுப் பொய் இல்லையென்றாலும் முழு உண்மையும் இல்லை, எழுதியபோது உதட்டோரம் ஒரு சின்ன ருசி இருந்தது, அந்த ருசி அவளுக்கு ஞாபகமிருக்கிறது. இருபது நிமிஷத்தில் படம் காணாமல் போயிற்று. மறுநாள் தனிச்செய்தி. எங்க தங்கச்சி கல்யாணம் மேடம், அன்னைக்கு முழுக்க அந்த நாற்காலில நான்தான் உக்காந்திருந்தேன், யாரும் எங்கிட்ட பேசலை, அதான் எழுந்து நின்னு எடுத்தேன், எடுக்கத் தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. அந்த மன்னிச்சுக்குங்க. கனகவல்லி பெரிய பதில் எழுதினாள், எழுதி அனுப்புவதற்குள் அந்தக் கணக்கே இல்லை. இன்றும் தையல் பார்க்கிற நடுவில் எப்போதாவது ஒரு சிவப்பு நாற்காலி வரும். சட்டையில் ஒட்டுகிற ஸ்டிக்கரைப் பார்த்து எந்தத் தையல்காரப் பெண்ணும் ஒன்றும் கற்றுக்கொண்டதில்லை, முகம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான், பக்கத்தில் போய் உட்கார்ந்து இங்கே துணி இழுக்குது பாரு, உனக்கு மெஷின் எங்க தடுக்குது என்று கேட்டால்தான் அவள் வாய் திறப்பாள். அது தெரிந்த கனகவல்லி அன்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். இதை ஏன் எடுத்தீர்கள். அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் கேள்விதான். ஒன்றில் கேட்பவள் பதிலைத் தானே வைத்துக்கொண்டு நிற்கிறாள், இன்னொன்றில் பதில் எதிராளியிடம் இருக்கிறது என்று நம்பி நிற்கிறாள். ஷகிலா ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டதை அவள் பிடிக்க எத்தனை வருஷம் ஆயிற்று.

"என்னக்கா, காலங்காத்தால போனும் கையுமா" என்று திருநின்றவூரில் ஏறிய மெர்சி எதிரே இடுப்பை நுழைத்து உட்கார்ந்தாள். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு, முப்பது வயது, இவளுக்குப் போட்டோவில் ஆர்வம் என்றால் தன் கல்யாண ஆல்பத்தோடு சரி.

"இதப் பாரு மெர்சி, ஒண்ணும் யோசிக்காம சொல்லு, இந்தாளு என்ன பண்றாரு?"

மெர்சி போனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "மூட்ட தூக்கிட்டு வராரு. யாரையோ பாத்து கத்தறாரு."

"வலியில முனகற மாதிரி இல்ல?"

"வலிச்சா வாயத் தொறப்பாங்களாக்கா? எங்கப்பா மூட்ட தூக்குனவரு. தலையில சொம வந்துட்டா வாய இறுக்கி மூடிக்குவாரு, தொறந்தா மூச்சு போயிடும்னு சொல்வாரு. இவரு தொறந்திருக்காருன்னா வேற வழியில்லாம தொறந்திருக்காரு." சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்து, டிபன் பையிலிருந்து இட்லியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். பெரிய விஷயம் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தெரியவே இல்லை.

கனகவல்லிக்கு நெஞ்சுக்குள் ஒரு குதிரை கனைத்தது. பயமா என்று பார்த்தாள், பயமும் இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக இருந்தது தெம்பு. எழுத வேண்டும். என்ன எழுதுவது என்பதில் சிக்கல் இல்லை, எப்படி என்பதில்தான். சார், உங்கள் தலைப்பு பொய் என்று எழுதினாள், அழித்தாள், அது ஸ்டிக்கர். ஐயா, சிறியவள் ஒரு சின்ன விஷயம் என்று எழுதினாள், அதையும் அழித்தாள், அது கும்பிடு, கும்பிட்டுக்கொண்டே சொன்னால் சொன்னதில் பாதி தரையில் விழுந்துவிடும். கிருபாகரனின் கருத்தைத் தூக்கிவிடலாமா, அட்மினுக்கு ஒரு விரல் வேலை. தூக்கினால் கிருபாகரன் வாயை மூடுவார், பார்க்க மாட்டார். அவருக்குப் பார்க்கத் தெரியும். போன வருஷம் மழையில் ஒரு பேருந்துக் கண்ணாடியை எடுத்திருந்தாரே, அப்படி எடுத்த ஆள் குருடாயிருக்க முடியாது, யாரோ ஒருத்தர்மேல் வைத்த பக்தியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சுந்தரேசன் என்ன நினைப்பார். நான் உண்டாக்கின இடத்தில் என்னையே என்று நினைப்பாரா. நினைக்கட்டும். இல்லை, நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கும், பார்க்கத் தெரியுது என்று சொன்ன மனுஷன், அவரோடு பேச்சு நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை நாரைகளை யாரிடம் காட்டுவது. ஆனால் பார்க்கத் தெரிந்தவள் பார்த்ததைச் சொல்லாமல் போனால் அவர் சொன்னது என்னத்துக்கு. வண்டி பட்டாபிராமில் நின்று கிளம்பியது. கட்டைவிரல் இரண்டும் ஓட ஆரம்பித்தன.

என் கண் முதலில் அவர் தோளுக்குப் போனது சார். அங்கே நெடுநேரம் நின்றது, அந்த வெளிச்சத்துக்காக நீங்கள் காத்திருந்தது தெரிகிறது. பிறகு வாய்க்கு வந்து தடுக்கிக்கொண்டது. தலைப்பு முனகல் என்கிறது, அந்த முகம் முனகவில்லை. சுமையோடு இருப்பவர் வாயை மூடித்தான் வைத்திருப்பார் என்று விஷயம் தெரிந்த ஒருவர் இப்போது சொன்னார். இவர் திறந்திருக்கிறார், நேராக நம்மைப் பார்த்துத் திறந்திருக்கிறார். ஆகவே ஷகிலா பானு கேட்டதையே நானும் கேட்கிறேன், இந்தப் படத்துக்கு இதுவரை வந்த இருநூற்றுச் சொச்சத்தில் அதுதான் நல்ல கேள்வி. கிருபாகரன் சார், இங்கே கேட்பதற்குப் படம் எடுத்திருக்க வேண்டியதில்லை, பார்த்திருந்தால் போதும். உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, படத்தின் இருட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எங்களுக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அனுப்பினாள். இந்து கல்லூரி ஸ்டேஷன். ஆவடியில் கூட்டம் திமுதிமுவென்று ஏறி மெர்சியின் இட்லியை மறைத்தது. யாருடைய கைப்பையோ கன்னத்தில் இடித்தது. ஒரு கருத்தும் வரவில்லை. அண்ணனூர். வரவில்லை. எழுதியது அதிகமோ, கடைசி வரி இளக்காரமாகப் படுமோ, கூர்மை என்று சொன்னது குத்தலாக விழுமோ, மறுபடியும் எஸ்தர் ராணியோ. எழுதின வார்த்தை கையை விட்டுப் போனபிறகு படிக்கிறவர் குரலில்தான் கேட்கும், நம் குரலில் கேட்காது, அதற்கு என்ன செய்ய முடியும், பார்த்துப் பார்த்து வைக்கலாம், வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கலாம். நிற்பாள். அன்று நகர்ந்தவள் இன்று நிற்பாள். திருமுல்லைவாயில் வந்தபோது திரை மின்னியது. கிருபாகரன். அவள் படித்தாள். எக்ஸ்போஷரை ஏற்றி, இருட்டை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இருட்டில் இன்னும் மூன்று மூட்டை தெரிகிறது. மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். மார்க்கெட்டில் சுமையோடு யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி. ஷகிலா மேடம், காலையில் எழுதியதை எடுத்துவிட்டேன், வருந்துகிறேன். கனகவல்லி படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். ஆமாம், இருந்தார்கள், இருட்டுக்குள் இருட்டாக மூன்று முதுகு வளைவு, நேற்றிலிருந்து அவள் கண்ணுக்குத் தட்டுப்படாதது. அட, இந்த ஆள் பார்த்துவிட்டாரே என்று அவளுக்குள் பொறாமையும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. அதற்குள் போன் அடித்தது. சுந்தரேசன்.

எடுப்பதா வேண்டாமா என்று நினைக்க நேரமில்லை, எடுத்துவிட்டாள். வண்டிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"கனகவல்லி, வண்டியில இருக்கியாம்மா?"

"ஆமா சார். அம்பத்தூர் வரப்போகுது."

"எனக்குக் கோபம்" என்றார். "சொல்லிடறேன். மறைக்க வேண்டாம்னு பாக்கறேன். ரெண்டு நாளைக்கு இருக்கும்."

"சரி சார்."

"தொள்ளாயிரம் பேருக்குத் தெரியாதது உங்க மூணு பேருக்குத் தெரியுதாக்கும்னு நெனச்சேன். அப்பறம் கிருபா எழுதினதப் படிச்சேன்." நிறுத்தினார். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. "அந்தாள் என்ன சொன்னார்னு கேட்டிருக்கே இல்ல? ஓரம் போ சார்னு சொன்னார்ம்மா. மூணு தடவை சொன்னார். அது குறுகலான வழி. நான் நடுவுல நின்னுண்டிருந்தேன்."

கனகவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் போகல. போனா அந்த வெளிச்சம் போயிடும். இன்னும் ரெண்டே ஸ்டெப் வந்தார்னா தோள்ல விழும்னு தெரியும். விழுந்துது, எடுத்தேன், அப்பறம்தான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து படத்தப் பாத்தப்போ எனக்கே அது முனகலாத்தான் தெரிஞ்சுது, நம்புவியா? சத்தியமா அப்படித்தான் தெரிஞ்சுது."

"நம்பறேன் சார்." நம்பினாள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அந்த வெளிச்சம் அவ்வளவு நல்ல வெளிச்சம், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காது கேட்காமல் போவது அவளுக்கும் ஏரிக்கரையில் நடந்திருக்கிறது. படம் அதனால் கெட்டுப்போய்விட்டதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை, இப்போதுதான் அந்த மனிதர் படத்துக்குள் நுழைந்து நிற்பது போலிருந்தது, கோபத்தோடு, மூட்டையோடு, தனக்குப் பின்னால் மூன்று பேரோடு. இதை அவரிடம் சொல்ல நினைத்தாள், கூட்டத்தில் கத்திச் சொல்கிற விஷயமாக இல்லை. அதற்குப் பதில், "இத அங்கயே எழுதிடுங்களேன் சார்" என்றாள்.

"எல்லார் முன்னாடியுமா?"

"கேட்டவங்க அங்கதான இருக்காங்க. எங்கிட்ட மட்டும் சொன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "படத்த எடுத்துடட்டுமா?" என்றார், குரல் வேறு மாதிரி இருந்தது.

"எடுக்காதீங்க சார். நல்ல படம் சார் அது. தலைப்புதான் அதுமேல உக்காந்திருக்கு."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, "பாத்து எறங்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். பட்டரவாக்கத்தில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று இருந்தது. மெர்சி முன்னால் நடந்து, "வாக்கா, இன்னைக்குப் புது சூப்பர்வைசர்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். கனகவல்லி போனைப் பார்த்தபடியே நடந்தாள், பள்ளத்தில் கால் வைத்தாள், ஒரு லாரியைப் போக விட்டு நின்றாள். எழுதுவாரா. எழுதாவிட்டாலும் குறை சொல்ல மாட்டாள், அறுபத்தேழு வயதில் ஆறாயிரம் பேர் முன்னால் நான் வழி விடவில்லை என்று எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எழுதாவிட்டாலும் வியாழன் நிலைத்து நிற்கும், கிருபாகரன் இருட்டுக்குள் பார்த்துவிட்டார், இனி அவரால் பார்க்காமல் இருக்க முடியாது, அது ஒரு பழக்கம், ஒருமுறை பிடித்தால் விடாது. எழுதினால் நன்றாயிருக்கும். எழுதினால் ரொம்ப நன்றாயிருக்கும். கேட்டில் வரிசை நகர்ந்தது. செக்யூரிட்டியம்மா தட்டை நீட்டினாள், தட்டில் ஏற்கெனவே நாற்பது போன் பெயர்ச்சீட்டோடு கிடந்தது. "குடும்மா, மணி அடிக்கப் போகுது."

"ஒரு நிமிஷம்க்கா."

படத்துக்குக் கீழே தலைப்பு இல்லை. கோயம்பேடு, காலை ஆறரை என்று மட்டும் இருந்தது. கருத்துகளின் கடைசியில் சுந்தரேசன் எழுதியிருந்தார், ஷகிலா பானு அவர்களுக்கு, ஓரம் போ சார் என்று மூன்று முறை சொன்னார். நான் போகவில்லை. பின்னால் நிற்பவர்களும் அதனால்தான் நிற்கிறார்கள். சூப்பர் என்று ஒருவரும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, ஆறாயிரம் பேரும் ஒரு குறுகலான வழியில் நின்றுவிட்டது போல் சற்று நேரம் ஒன்றுமே வரவில்லை. செக்யூரிட்டியம்மா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கனகவல்லி போனை வைக்கப் போன நேரத்தில் ஆம்பூரிலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது.

இன்னொன்று கேட்கலாமா சார்?